யூஜினி அன்ரிக்கு முடிச்சு வராது

"அன்ரி, உந்த நூலைக் கண்டாலே மீன் ஓடிப்போயிடும்" என்றான் வினோதன்.

யூஜினி அன்ரி தன் தூண்டிலை ஏற இறங்கப் பார்த்தார். சுறா பிடிக்கிற தடிப்பில் நூல். நுனியில் விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு தூண்டில் ஊசி. ஊசியில் இரையாக, சாப்பிடுகிற பாணில் ஒரு துண்டு.

"ஏன் தம்பி, மொத்தமா இருந்தால் அறாதல்லோ?"

"இது பாஸ் மீன். நல்லாக் கண் தெரியும். தண்ணி தெளிஞ்சு கிடக்கேக்க மெல்லிய நூல்தான் போடவேணும்."

வினோதனுக்கு எரிச்சலாக இருந்தது. பிக்கரிங் ஏரிக்குடாவின் கரை முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. அவ்வளவு இடமிருக்க, இந்த மனுசி மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்திலேயே விரித்திருக்கிறார்.

மிசிசாகாவில் ஒன்பது வருடம் பார்த்த வேலை ஏப்ரலில் போய்விட்டது. மனைவி துர்க்கா விடியற்காலையிலேயே வேலைக்குப் போனபிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் மில்லிக்கனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இங்கே வருவான். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதற்காகவே வருவான்.

அன்ரி எறிந்தார். பாண் துண்டு தண்ணீரில் விழுந்தது. ஊசி வினோதனின் தொப்பியில் மாட்டியது.

"விடுங்கோ, நான் கட்டித் தாறன்."

தன்னுடைய நூலில் கொஞ்சம் அறுத்துக் கட்டினான். சின்ன ஊசி. அதில் ஒரு ரப்பர் புழு.

"புழுவை நடுவில குத்தவேணும். ரெண்டு பக்கமும் தொங்கட்டும். எறிஞ்சுபோட்டு இழுக்கக் கூடாது. அது தன்ர பாட்டில நடுங்கி நடுங்கி இறங்கும். அப்பதான் கவ்வும்."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதோ?"

"ஓம் அன்ரி. அதுதான் கஷ்டம்."

வெளிக்கிடும்போது அன்ரி கேட்டார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீர்?"

"சொல்லத் தெரியாது."

"ஆறு மணிக்கு வாரும் தம்பி. உந்த முடிச்சு எனக்கு மண்டையில நிக்காது."

மறுநாள் அவனுக்கு எழும்ப மனமே இல்லை. ஆனால் அந்த மனுசி வந்து காத்துக்கொண்டிருக்குமே என்று போனான். காத்துக்கொண்டுதான் இருந்தார். முடிச்சு மறந்துபோயிருந்தது.

அடுத்த நாளும் மறந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

முடிச்சு வராவிட்டாலும் கேள்வி மட்டும் தாராளமாக வந்தது. அல்லி இலைக்குள்ளே ஏன் ரப்பர் தவளை போடுகிறது? மழை பெய்தால் புழு என்ன நிறம்? வெயில் ஏறினால் மீன் எங்கே போகும்?

"கலங்கல் தண்ணிக்குக் கறுப்பு, தெளிஞ்ச தண்ணிக்குப் பச்சை" என்று அவன் சொல்லிக்கொடுத்தான். "வெயில் ஏறினால் அந்தா, தண்ணிக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற மரமேடைக்குக் கீழ, நிழலுக்குப் போயிடும்."

தெரியாததைக் கேட்டால் பின்னேரம் வீட்டில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு போனான். சாப்பாட்டு மேசையில் அன்ரியின் கூத்துகளைச் சொன்னான். இன்றைக்குத் தவளையை மரத்தில் மாட்டிவிட்டார், இன்றைக்குக் கதிரையோடு சரிந்து விழுந்தார் என்று. துர்க்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

சில நாள் அன்ரி எறிகிற புழு மரமேடை நிழலுக்குள் சாண் பிசகாமல் போய் விழும்.

"நல்ல அதிர்ஷ்டம் அன்ரி உங்களுக்கு."

"நல்ல வாத்தியார் எண்டு சொல்லும்."

ஓகஸ்ட் கடைசியில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில், இவ்வளவு நாளும் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ஒன்றுமே தெரியாத ஓர் ஆளுக்கு மீன் பிடிக்கப் பழக்கினேன் என்றான். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அன்ரிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தூண்டில் கடைக்குப் போனான். முதல்தரம் பழகுகிறவர்களுக்கான பெட்டி ஒன்றை எடுத்துவைத்தான்.

"ஆருக்கு?" என்று கேட்டார் கடைக்கார அலெக்ஸாண்டர்.

"யூஜினி எண்டு ஒரு அன்ரி. பிக்கரிங் கரைக்கு வாறவ. பாவம், இன்னும் முடிச்சே சரிவரேல்லை."

அலெக்ஸாண்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு படம். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பாஸ் மீனைத் தூக்கிப் பிடித்தபடி அன்ரி நிற்கிறார். காலடியில் வெற்றிக் கேடயம்.

"பொம்பிளையளின்ர பாஸ் போட்டியில மூண்டு தரம் முதலாமிடம். எனக்கே முடிச்சுப் பழக்கினது அவதான்."

வினோதனுக்கு முகம் சுட்டது. இரண்டு மாதம். ஒரு நாள் விடாமல். அவன் விரிவுரை நடத்த, அவர் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை பெட்டி இல்லாமலே கரைக்குப் போனான். அன்ரி கதிரையை விரித்துக்கொண்டிருந்தார்.

"அலெக்ஸாண்டரின்ர கடையில படம் பாத்தனான், அன்ரி. என்னை ஏன் உப்பிடிப் பேயனாக்கினீங்கள்?"

அன்ரி கதிரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் பகிடி இல்லை.

"நான் ஒவ்வொரு நாளும் விடிய இந்தக் கரையால நடக்கிறனான். நீர் இஞ்ச வந்த முதல் மூண்டு நாளும் உம்மைப் பாத்துக்கொண்டு பேசாமல் போனனான். நாலாம் நாள் உம்மைத் தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

"ஏன்?"

"அந்த மூண்டு நாளும் நீர் எறிஞ்ச நூலின்ர நுனியில ஊசியே இல்லைத் தம்பி. அது அறுந்துபோனதுகூட உமக்குத் தெரியேல்லை."