பிரேக்குக்கு இரண்டு கையெழுத்து

"எங்கப்பா வண்டியில அந்த ஆளு கை வச்சா, கையை உடைச்சிடுவேன்னு சொல்லுங்க."

பட்டறை பெஞ்சின் ஒரு முனையில் வந்து உட்கார்ந்ததுமே அண்ணன் மெக்கானிக்கிடம் சொன்ன முதல் வார்த்தை இது. 'அந்த ஆளு' அதே பெஞ்சின் மறுமுனையில், முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்த தம்பி.

"அவருக்கு மட்டும்தான் அப்பாவான்னு கேளுங்க," என்றார் தம்பி, எதிர்ச் சுவர் பக்கம் முகத்தை வைத்தபடி.

மெக்கானிக் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக இவர்களுக்கு நடுவில் தபால்காரர் வேலை பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

எல்லாம் அப்பா விட்டுப்போன அறுபது வருஷத்துக் காரால் வந்த வினை. இருவரும் விற்கவும் மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். கடைசியில் வக்கீல் ஒரு பத்திரம் எழுதினார். ஒரு வாரம் அண்ணனுக்கு, மறுவாரம் தம்பிக்கு. வண்டியில் எதை மாற்றினாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாவி கைமாறுவதுகூடப் பட்டறை வழியாகத்தான். ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிப்பதில்லை.

"தினமும் ரோட்டுல ஓடுற வண்டிக்கு இந்த டிரம் பிரேக் தாங்காதுன்னு சொல்லுங்க," என்றார் தம்பி. "முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடணும். மாஸ்டர் சிலிண்டரையும் மாத்தணும். செலவு முழுக்க என்னுது."

"அப்பா நாப்பது வருஷம் இதே பிரேக்குலதான் ஓட்டினாரு. தொரைக்கு மட்டும் கால் நோவுதாமா?"

மெக்கானிக் பொறுமையாக ஆரம்பித்தார். "சார், அப்பா காலத்துல ரோட்டுல பத்து வண்டி. இப்ப முன்னாடி போறவன் சட்டுனு நிக்கிறான், இது நிக்காது. இறக்கத்துல நாலு தடவை மிதிச்சா டிரம் சூடாகி வழுக்குது. உள்ள பிரேக் ஆயிலுக்கு ஒரே பைப் லைன் வேற. ஒரு இடத்துல ஒழுகுனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் காலி. மாத்தினா வெளியில வித்தியாசமே தெரியாது, அதே வீல், அதே மூடி. கழட்டுறதைத் துடைச்சுப் பெட்டியில போட்டுத் தந்துடறேன்."

"நீங்க அவன் பக்கம் பேசுறீங்க."

"நான் பிரேக் பக்கம் பேசுறேன் சார்."

"அவன் சொகுசுக்கு அப்பா வண்டியை அறுத்துக் கூறு போட முடியாது. ஒரு ஆணிகூட மாறக் கூடாது. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்."

"பிறந்ததுலேர்ந்து அவர்கிட்ட ஒரிஜினலா இருக்கிறது பிடிவாதம் ஒண்ணுதான்னு சொல்லுங்க."

அண்ணன் துள்ளி எழுந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. வாசல்வரை போனவர், என்னவோ தோன்றியதுபோல் நின்று திரும்பினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. அவன் வாரத்தையெல்லாம் எனக்கே எழுதிக் கொடுத்துடணும். ஆயுசுக்கும். இனிமே அவன் அந்த ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. முடியுமான்னு கேளுங்க."

முடியாது என்று தெரிந்தேதான் கேட்டார். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அந்த ஸ்டீரிங்கைப் பிடித்தவன் தம்பி. உயிரை விட்டாலும் விடுவான், அதை விடமாட்டான்.

மெக்கானிக் தம்பியைப் பார்த்தார். தம்பி பெஞ்சின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சரின்னு சொல்லுங்க."

அண்ணன் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தார். "என்ன சொன்னான்?"

"சரின்னு சொன்னார் சார்."

மெக்கானிக் ஒரு வெள்ளைத்தாளில் விஷயத்தை எழுதினார். அண்ணன் பறித்துக் கையெழுத்திட்டார். பிறகு மெக்கானிக் தாளைத் தம்பியின் முன்னால் வைத்து, போட வேண்டிய இடத்தில் விரலை ஊன்றிக் காட்டினார். அப்படியும் தம்பியின் பேனா கோட்டை விட்டு ஏறி, அண்ணன் கையெழுத்தின் குறுக்கே ஓடியது.

"பாத்தீங்களா கொழுப்பை! என் பேரு மேலயே கிறுக்குறான்." தாளைப் பிடுங்கி மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, தம்பி மனம் மாறுவதற்குள் அண்ணன் வெளியேறினார்.

பத்தாம் நாள் வண்டி தயாரானது. அண்ணன் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலத்து இறக்கத்தில் முன்னால் போன லாரி ஒன்று திடீரென்று நின்றது. அண்ணன் பழைய பழக்கத்தில் முழு பலத்தையும் சேர்த்து மிதித்தார்.

ஆணி அடித்ததுபோல் வண்டி நின்றது. லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகலாம்.

தன் வாரங்களில் தினமும் அண்ணன் மனைவியை அவள் ஆபீசில் இறக்கிவிடப் போகும் வழி இதுதான். பழைய பிரேக்காக இருந்திருந்தால் வண்டி லாரிக்கு அடியில்தான் போயிருக்கும். ஆனால் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. வந்தது வேறு.

"எப்படி மடக்கினேன் பாத்தீங்களா? செலவையும் பண்ணி, வண்டியையும் கொடுத்துட்டுப் போயிட்டான் மடையன்! ஒரு நாள்கூட அவன் மிதிக்கப் போறதில்லை. அப்புறம் எதுக்கு இந்தப் பிரேக்குக்கு அப்படி அடிச்சுக்கிட்டானாம்?"

மெக்கானிக் அண்ணன் பக்கம் திரும்பினார். லாரி நகர்ந்து, பின்னாலிருந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

"என்னத்தை?"

"உங்க தம்பிக்குப் பார்வை போய் நாலு மாசம் ஆச்சு சார்."