மூன்றாம் தடவை மஞ்சள் விளக்கு

"இதுக்குத்தான் பொம்பளைங்க கையில வண்டியைக் குடுக்கக் கூடாதுங்கறது" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் கஸ்டமர்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்குக்கும் கேட்டது. வாயில் டார்ச் லைட்டைக் கடித்திருந்ததால் அவள் பதில் வெளியே வரவில்லை. வந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பின் நல்ல பெயர் போயிருக்கும்.

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. அதே கார், டாஷ்போர்டில் அதே மஞ்சள் விளக்கு, அதே கோளாறு: பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது.

முதல் தடவை ஒரு குழாய் கழன்றிருந்தது. மாட்டினாள். அடுத்த தடவை இன்னொரு குழாயில் ஓட்டை. மாற்றினாள். இரண்டு தடவையும் "சாரி சார்" வேறு.

ஓனர் காலையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இந்த வண்டி உள்ளே வந்தால் அவள் வெளியே போகவேண்டியதுதான்.

கஸ்டமருக்கு அதுவும் போதவில்லை. "இன்னொரு தடவை எதுக்கு சார்? இன்னிக்கே அனுப்பிடுங்க. வீட்டுல உக்காந்து ஆக்கிப் போடட்டும்."

யார் வீட்டு அடுப்பு பற்றியோ மனிதருக்கு அவ்வளவு அக்கறை.

அவள் பல்லைக் கடித்தாள். டார்ச்சில் பல் பதிந்தது.

புகை மெஷினின் குழாயைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். ஆவி போகும் வழியெல்லாம் வெள்ளைப் புகை போகும். ஓட்டை இருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். புகைக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது.

அடியில் ஒன்றுமில்லை. அவள் போட்ட வேலை கல் மாதிரி இருந்தது.

எழுந்து பக்கவாட்டில் வந்து பார்த்தாள். பெட்ரோல் மூடியைச் சுற்றி மெல்லிசாகப் புகை.

மெஷினை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரலால் விரித்தாள்.

பழசாகிப் போன ரப்பர் கோணல்மாணலாக வெடிக்கும். இதிலிருந்த வெட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. பிளேடு.

போன தடவை பார்த்த ஓட்டையும் ஊசியால் குத்தின மாதிரி அத்தனை வட்டம். அதற்கும் சாரி சொல்லியிருக்கிறாள்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். மூடியை ஓனர் கையில் வைத்தாள்.

ஓனர் வெட்டைப் பார்த்தார். கஸ்டமரைப் பார்த்தார். "யார் சார் இதை அறுத்தது?"

கஸ்டமர் சுவரிலிருந்த டயர் விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் மேஜையிலிருந்த கார் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, அது கஸ்டமர் சாவி!" ஓனர் பதறினார்.

அவள் கஸ்டமரைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டியை சாயங்காலம் நானே எடுத்துட்டு வர்றேன். நீங்க பஸ்ல போங்க. போற வழியில பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னிக்கு அப்பா வருவாருன்னு மிஸ்கிட்ட போன்ல சொல்லிடறேன்."