நாலாம் தூக்கம்

"உள்ள வரக்கூடாது தம்பி. புழு தூங்குது."

பட்டுப்புழு ஷெட்டின் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள் முருகம்மாள்.

எதிரே சங்கரபாண்டி. தங்கை ஜெயபிரியாவை ராத்திரியிலிருந்து தேடுகிறான். நாளைக்குக் கல்யாணம். பட்டு எடுத்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று, பெண்ணைத்தான் காணவில்லை. கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டேன் என்று இலத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்று கத்தியிருக்கிறான். சொன்னால் செய்கிற முரடன்.

அவனுக்குப் பின்னால் அப்பா நெல்லையப்பன்.

ஜெயபிரியா உள்ளேதான் இருந்தாள், தழைக்கட்டுகளுக்குப் பின்னால். கல்யாணம் வேண்டாம், நர்சிங் படிப்பை முடிக்கணும் என்று விடியுமுன் வந்து காலைக் கட்டிக்கொண்ட பிள்ளை. மத்தியானம் வரை தாக்குப்பிடித்தால் செங்கோட்டையில் ரயில் ஏற்றிவிடலாம்.

"நாலாம் தூக்கம். தோலுரிக்கிற நேரம். ஆள் காத்து பட்டா அம்புட்டும் செத்துரும்," என்றாள் முருகம்மாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. தூங்குகிற புழு தழையைத் தொடாது. ஷெட்டில் ஒரு சத்தம் இருக்காது. இவளுடைய புழுக்களோ நேற்றே முழித்துவிட்டன. இப்போதுதான் மல்பெரித் தழையை அள்ளிப் போட்டிருந்தாள். அத்தனையும் அகோரப் பசியில் மென்றுகொண்டிருந்தன.

கதவுக்குப் பின்னால் சடசடவென்று கேட்டது. பொய்யும் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சங்கரபாண்டி காதைச் சாய்த்தான்.

"உள்ள என்னக்கா சத்தம்?"

முருகம்மாள் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

வாசலில், நோய் உள்ளே போகாமலிருக்க, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு தட்டில் வைத்திருந்தாள். சங்கரபாண்டி அதைத் தாண்டிக் குதித்து வந்திருந்தான். அவன் கால் காய்ந்து கிடந்தது.

நெல்லையப்பனின் செருப்பு தட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவர் கால் இரண்டும் ஈரம்.

யாரும் சொல்லாமல் அதில் காலை நனைக்கிறவர் என்றால், எங்கேயோ எப்போதோ புழு வளர்த்தவர். அவருக்கு இந்தச் சத்தம் தெரியும்.

தொலைந்தோம் என்றே நினைத்தாள். கதவுத் தாழ்ப்பாளைப் பின்கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நெல்லையப்பன் கதவையே பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"சாரல்தாம்லே," என்றார். "தகரத்துல விழுது. குத்தால சீசன்ல வேற என்ன கேக்கும்?"

தென்னை ஓலைகளிலிருந்து காலைச் சாரலின் மிச்சம் ஷெட்டின் தகரக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டி அண்ணாந்து பார்த்தான். பாதி நம்பினான்.

"புழு தூங்குதுன்னு சொல்லுதால்லா? வண்டிய எடு. ஆலங்குளத்துல சித்தி வீட்டுல போய்ப் பாப்போம்."

அப்பன் பேச்சைத் தட்ட முடியாமல், முணுமுணுத்துக்கொண்டே பைக்கை நோக்கி நடந்தான்.

நெல்லையப்பன் மட்டும் பின்தங்கினார். குனிந்து செருப்பை மாட்டினார். நிமிரவில்லை.

"முழிச்சதும் நல்லா இரை போடு தாயி," என்றார் மெதுவாக. "ராத்திரி தட்டுல வச்ச தோசையத் தொடவே இல்ல."