முழங்கைக்கு வெட்டிய வளைவு

அட்டன் கடைவீதியில் மழை விட்டு, பட்டறைக் கதவு வழியாக மஞ்சள் வெயில் மரத்தூள் மேல் விழுகிறது. ஞானரட்ணம் தன் பட்டறையில் புதிதாகச் செய்த பேஸ் கிட்டார் கொக்கியில் தொங்குவதைப் பார்த்ததும், மனைவியோடு உள்ளே வந்த பிலவேந்திரனுக்கு முகம் சிவக்கிறது. அதன் மேல் விளிம்பிலுள்ள வளைவு அவனுடையது. தேயிலை மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து மனைவி இசபெல்லுக்கு வலது முழங்கை சரியாக மடங்காது. அவள் மாதா கோயிலில் வலியில்லாமல் வாசிக்கட்டும் என்று, தான் செய்த கிட்டாரில் போன வருடம் அவன் செதுக்கிய வளைவு அது.

“என் வடிவத்த கேக்காம எப்படிங்க எடுத்தீங்க? விக்கிறதுக்கு வேற தொங்கவிட்டிருக்கீங்க!”

“பூசையில அக்கா வாசிக்கிறதப் பார்த்தேன், அண்ணே. வளைவு எதுக்குன்னு தெரியாது. அழகா இருந்துச்சு, செஞ்சிட்டேன். தப்புதான். வேணாம்னா அறுத்துப் போட்டுர்றேன்.”

“அறுங்க” என்று பிலவேந்திரன் சொல்வதற்குள் இசபெல் அதை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஞானரட்ணம் வெட்டிய வளைவு இன்னும் கொஞ்சம் ஆழம். அவள் கை அதில் வாகாகப் படிகிறது. தடித்த கம்பியை மீட்டுகிறாள். மின்சாரம் இல்லாத மெல்லிய ஒலி அவள் நெஞ்சோடு ஒட்டி அதிர்கிறது. அவன் செய்த கிட்டாரை வாசிக்கும்போதும் வலியில் கொஞ்சம் சுருங்கும் முகம் இன்று சுருங்கவில்லை. பிலவேந்திரன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“செஞ்சு வித்துக்கங்க, தம்பி” என்கிறான் தணிந்த குரலில். பிறகு காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி, மனைவியின் அருகே குந்துகிறான்.

“இந்த ஆழத்த மட்டும் நான் எடுத்துக்கலாமுங்களா?”