கோட்டில் நடக்காத யானை

"இந்தக் கலரையெல்லாம் எடுத்துட்டு ஒரே கோடா போட்டுடு, முனிலட்சுமி."

கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார் பாஸ்கரன். ஓசூரில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் நடத்துபவர். அஞ்செட்டி மலைப் பக்கம் ஒரு கிரானைட் குவாரி வரப்போகிறது. அங்கே யானைகள் எந்த வழியாகப் போகின்றன என்று வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது.

முனிலட்சுமி அந்த மலை ஊரில் பிறந்தவள். இரண்டு வருடம் காட்டுக்குள் நடந்து, கால்தடம், சாணம், முறிந்த மூங்கில் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தவள்.

அவள் வரைந்த படத்தில் கோடே இல்லை. அகலமாக ஒரு பழுப்புப் பட்டை. தடயம் நிறையக் கிடைத்த இடத்தில் அடர்த்தியாக இருந்தது. குறையக் குறைய வெளுத்துக்கொண்டே போய், ஓரத்தில் வெள்ளைப் பின்னணியோடு கலந்துவிட்டது.

"யானை என்ன, கோட்டு மேலயா நடக்குது சார்?"

"குவாரிக்காரங்களுக்கு எல்லை வேணும்மா. உள்ளயா, வெளியயா? ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"தெரிஞ்சதைத் தெரியும்னு போட்டிருக்கேன். சரியாத் தெரியாததைத் தெரியாதுன்னு போட்டிருக்கேன். அதை மறைச்சுக் கோடு போட்டா பொய் சார்."

"வேலை போயிடும், பார்த்துக்க."

"போகட்டும் சார். கோடு போட்டா படத்துல இருந்து என் பேரையும் எடுத்துடுங்க."

மறுநாள் காலையிலேயே முனிலட்சுமியின் ஊரில் கூட்டம். வேறு ஆளை வைத்து வரைய நேரமில்லை. கடுகடுப்போடு அந்தப் படத்தையே அச்செடுத்து, சுருட்டி எடுத்துக்கொண்டார் பாஸ்கரன்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் படத்தை மாட்டினார்கள். பட்டைக்குள் விழுந்த நிலத்தைக் குவாரிக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் கொதித்தது.

"வரைஞ்சது இவங்கதான். இவங்களையே கேளுங்க" என்று பாஸ்கரன் ஒதுங்கிக்கொண்டார்.

திம்மப்பன் எழுந்தார். பட்டையின் வெளுத்த ஓரத்தில் மூன்று ஏக்கர் ராகிக் காடு வைத்திருப்பவர். அதை விற்றுத்தான் மகளை நர்சிங் சேர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்த வெளுத்த இடத்துல யானை வந்ததை எவன் பார்த்தான்?"

"யானையை யாரும் பார்க்கலைங்கண்ணா. ஆறு தடவை போனேன். ஒரு தடவை கால்தடம் இருந்துச்சு."

"ஒரே ஒரு தடவை! அதுக்காக எங்க வயித்துல அடிப்பியா?"

"வரும்னும் நான் அடிச்சுச் சொல்லலை, வராதுன்னும் சொல்லலை. அதனாலதான் வெளுப்பா போட்டிருக்கேன். அங்க வெடி வெச்சு, வழி அடைபட்டுப் போச்சுன்னா, யானை நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் வரும். அப்போ யாரைக் கேப்பீங்க?"

"இத்தனை வருஷம் வராததா இனிமே வரப்போகுது? அழிச்சிடு அதை!"

"அழிக்க மாட்டேங்கண்ணா."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இப்பவாவது சரின்னு சொல்லு. வெளுத்ததை வெளிய விட்டுக் கோடு போட்டுக் கொடுத்துடலாம்" என்று பாஸ்கரன் காதோரம் முணுமுணுத்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவளுக்கென்ன! படிச்சிட்டா, ஓசூர்ல மாசச் சம்பளம்" என்று திம்மப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "நம்ம நிலம் விலைக்குப் போறதுல இவளுக்கு வயித்தெரிச்சல். இவளோட நிலம் விலை போகாம நின்னிருந்தா அந்த வலி தெரிஞ்சிருக்கும்!"

"ஆமா, ஆமா" என்று நாலு பக்கமும் குரல்கள் கிளம்பின.

நிலப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த வி.ஏ.ஓ. பக்கம் திம்மப்பன் திரும்பினார்.

"சார், அந்த வெளுத்த இடத்துல யார் யார் நிலம் வருதோ, பேரைச் சத்தமா படிங்க. யார் யார் குடியைக் கெடுத்திருக்கான்னு ஊருக்குத் தெரியட்டும்!"

வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்து முனிலட்சுமியைப் பார்த்தார்.

"படிங்க சார்" என்றாள் அவள்.

"முதல்ல, சர்வே நம்பர் நூத்திப் பதினாலு, உட்பிரிவு ரெண்டு. ஒன்றரை ஏக்கர். பட்டாதாரர்..."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முனிலட்சுமி."