ஆறடிப் பள்ளம்

கருத்துக் கேட்புக் கூட்டத்தில், ஏரிக்கரை இளைஞர் பூங்காவுக்கான, சக்கரப் பலகையில் சறுக்கும் ஸ்கேட்டிங் தளத்தின் வரைபடத்தைப் பார்த்ததுமே, முன்வரிசைப் பெண் எழுந்துவிட்டாள்.

"ஆறடிப் பள்ளமா? பிள்ளைங்க விழுந்தா யாரு பொறுப்பு? மூணடி போதும்!"

"மூணடின்னா அது தண்ணித் தொட்டிம்மா. பலகை சறுக்கி மேலேற வேகமே வராது" என்றார் வடிவமைப்பாளர்.

கூட்டம் அவளுக்கே கைதட்டியது.

"குறைச்சிடுங்க சார். இல்லேன்னா இந்த வருஷமும் ஃபைல் நகராது" என்றார் அதிகாரி.

வடிவமைப்பாளர் ஃபைலின் அடியிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார். பென்சிலில் வரைந்த பள்ளம். பக்கத்தில், 'ஆறடி. ஒரு அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது!'

"முதல் கூட்டத்துல நீ வரைஞ்சு கொடுத்தது. அப்போ எட்டாவது படிச்சே."

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"அப்போ எனக்குக் குழந்தை இல்லையே, அங்கிள்!"

அவர் புது வரைபடத்தில் ஆறை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.