மாமாவின் ஸ்னோமொபில்

"டர்போ வாயில அடைச்ச துணியை இப்ப எடுக்காதேங்கோ மாமா. உள்ளுக்க ஒரு ஸ்குரூ விழுந்தாலும் டர்போ துலைஞ்சுது" என்றான் வினோஜன்.

மாமா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். வினோஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்து கொஞ்ச நேரத்திலேயே சொன்ன பேச்சைக் கேட்கிறாரே.

அவன் லொங்குய் நகருக்கு வந்தது பனியில் ஓட்டும் ஸ்னோமொபில் வண்டி திருத்துவதற்கல்ல, பெண் கேட்பதற்கு. "அப்பா சனிக்கிழமையில கராஜிலதான் நிப்பார். நான் வேலையால வாறதுக்கு முதல் நீங்களே கதைச்சு முடியுங்கோ" என்று வித்தியா முகவரியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். இந்த ஒரு பேச்சுக்காக ஒரு வாரமாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

வந்து பார்த்தால், தொப்பிக்கும் மப்ளருக்கும் நடுவே மூக்கு மட்டும் தெரிய, மாமா வண்டியின் பக்கத் தகடுகளைக் கழற்றி வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். டர்போவுக்குக் காற்று இழுக்கும் கொம்பனிக் குழாயை எடுத்துவிட்டு, வெளியில் வாங்கிய பருத்த குழாயைப் பூட்ட வேண்டுமாம். வந்தவன் யாரென்றுகூடக் கேட்காமல் ஸ்பனரை நீட்டினார்.

டோர்வல் விமான நிலையத்தில் இயந்திரம் திருத்துகிறவன் விடுவானா? எடுத்த எடுப்பில் கலியாணப் பேச்சைத் தொடங்குவதும் மரியாதை இல்லை. முதலில் கை வேலையைக் காட்டுவோம் என்று ஜாக்கெட்டைக் கழற்றினான்.

ஒரே ஒரு தொல்லை, மூலையில் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்த ஆள்.

"தம்பிக்கு ஊரில எவடம்?"

"அதெல்லாம் பேந்து கதைப்பம் அண்ணை."

அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டு, புதுக் குழாயின் வாயில் சவர்க்காரத் தண்ணி தடவி, வினோஜன் மெல்லத் திருகி ஏற்றினான்.

"கிளாம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினா என்ன?" என்றது வாளி.

"இறுக்கினாக் குழாய் வெட்டுப்படும் அண்ணை. விளங்காட்டிப் பேசாம இருங்கோ."

மாமா மப்ளருக்குள் சிரித்தார். வாளிக்காரர் கோபிக்கவில்லை. எழுந்து உள்ளே போய், மூன்று பேருக்கும் தேத்தண்ணியோடு திரும்பி வந்தார். சிலபேருக்கு எந்த வீட்டிலும் கூச்சமே கிடையாது என்று வினோஜன் நினைத்துக்கொண்டான்.

தகடுகளை மாட்டியதும் கராஜ் கதவைத் திறந்து, வண்டியை வெளியே பனிக்குத் தள்ளினார்கள். மாமா ஏறி முடுக்கினார். இயந்திரம் ஒரே பிடியில் உயிர்பெற்று, புதுக் குழாய் வழியே உஸ்ஸென்று காற்றை இழுத்தது. வீதி முனைவரை ஓடித் திரும்பி வந்தபோது மாமாவின் மப்ளர் கழுத்துக்கு இறங்கி, முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"என்ன இழுவை தம்பி. உம்மைப்போல ஒரு மருமகன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கோணும்."

இதைவிட நல்ல நேரம் இனி வராது. வினோஜன் கையைத் துடைத்தான்.

"மாமா, நான் வினோஜன். வித்தியாவும் நானும் விரும்புறம். அவளை எனக்குக் கட்டித் தருவீங்களோ?"

மாமா இயந்திரத்தை நிறுத்தினார். அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரின்பம் அண்ணை, என்ர வண்டிக்குக் கராஜ் தந்த புண்ணியத்தில உங்கட மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கு. என்ன சொல்லுறீங்கள்?"